கப்பலில் போக ஐடி மட்டும் காணுமா? தண்ணீரூற்றிலிருந்து ஒரு கேள்வியும் சில கசப்பான பதில்களும்

சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "சேர், காங்கேசன்துறையில இருந்து இந்தியாவுக்குக் கப்பல்ல போறதுக்கு ஐடி மட்டும் காணுமாமே, உண்மையா? என்ட மாமியை நாகூருக்குக் கூட்டிப் போகணும்."

"இல்லை, பாஸ்போட் வேணும், விசாவும் வேணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஊரில் யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். அந்த மாமியின் தாள்கள் எந்த நிலையில் இருக்கும் என்பது கேட்காமலேயே எனக்குத் தெரியும். என் சொந்த உம்மாவின் தாள்களும் அதே நிலையில்தான் இருக்கின்றன.

எங்கள் கடலில் கப்பல் மீண்டும் ஓடுகிறது. அதில் ஏறும் உரிமை சட்டப்படி எங்களுக்கும் உண்டு. ஆனால் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற ஊர்களின் மூத்தவர்களில் எத்தனை பேரால் உண்மையில் ஏற முடியும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கப்பல்கள் வந்த கதை

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து 'கோர்டேலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போகத் தொடங்கியது. காங்கேசன்துறையில் அது நின்ற படம் எல்லோருடைய தொலைபேசியிலும் சுற்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 'செரியாபாணி' என்ற பயணிகள் கப்பல் ஆரம்பித்து வைக்கப்பட்டது. சில நாட்களிலேயே வானிலை காரணமாக நின்றது. பிறகு 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்ற கப்பலுடன் சேவை மீண்டும் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல் தூரம், ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும் நேரத்தைவிடக் குறைவு.

எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்கு இந்தக் கப்பல் ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்று இளைஞர்கள் கேட்கலாம். நாகபட்டினம் துறைமுகத்திலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே போனால் நாகூர். தர்கா விடயத்தில் நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம், அதை இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் இலங்கைக் கரையோர முஸ்லிம்களுக்கும் அந்த ஊருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்து இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் இன்றும் நாகூரின் பெயரில்தான் நடக்கிறது.

என் உம்மா சின்ன வயதில் தலைமன்னார் கப்பலில் தன் வாப்பாவோடு ஒரு தடவை போய் வந்தவர். 1914இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழியில் ஓடியது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றுபோனது. "வாப்பாட பாஸ்போட்டில என்ட பேரையும் எழுதியிருந்தாங்க, எனக்கு எண்டு ஒண்டும் இல்ல" என்பார் உம்மா. இன்று கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். உம்மாவுக்கோ எழுபத்தைந்து வயதுக்கு மேலாகியும் தன் பெயரில் ஒரு கடவுச்சீட்டு இல்லை.

'ஐடி போதும்' என்ற கதை எங்கிருந்து வந்தது?

அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய்யும் அல்ல. இந்தியப் பிரஜை ஒருவர் மும்பையில் ஏறி கோவாவில் இறங்கும் உல்லாசக் கப்பலில் போவதற்கு அவருடைய நாட்டு அடையாள அட்டை போதும். கப்பல் நாட்டை விட்டு வெளியே போவதில்லை. நாங்கள் குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவுக்குப் போவது போலத்தான். அதே இந்தியர் அதே நிறுவனத்தின் கப்பலில் இலங்கைக்கு வருவதென்றால் கடவுச்சீட்டு வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு விதி இருக்கிறது. அமெரிக்கப் பிரஜை ஒருவர் மியாமி போன்ற ஒரு துறைமுகத்தில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்கே திரும்பி வருவாராயின், பிறப்புச் சான்றிதழையும் அரசாங்கம் வழங்கிய படத்துடனான ஓர் அடையாள அட்டையையும் காட்டித் தன் நாட்டுக்குள் திரும்பலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும். போகும் தீவு கடவுச்சீட்டுக் கேட்டால் அது வேறு கதை. இந்தச் சலுகை அந்த நாட்டுப் பிரஜைகளுக்கு உரியது. அங்கே குடியேறிய நம் உறவினர்கள் தொலைபேசியில் சொல்வதை இங்கே உள்ளவர்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இலங்கைப் பிரஜைக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. காங்கேசன்துறையில் ஏறினாலும் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறினாலும் செல்லுபடியான கடவுச்சீட்டு கட்டாயம். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பவும் அதே நாட்டுக்குள் வரும் பயணமாக இருந்தால், பல தடவை நுழையும் விசா தேவைப்படும். இதைக் கவனிக்காமல் பணம் கட்டி ஏமாறுபவர்கள் உண்டு.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை. கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மீதிக் காலம் இருக்கட்டும். இலத்திரனியல் விசா எடுப்பதானால், அந்த விசாவோடு இறங்கக்கூடிய விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் இந்திய அரசு பட்டியலாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம். பயணச்சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தாள் சரியில்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு கப்பல்காரர் தலையில் விழும் என்பதால், குடிவரவு அதிகாரி பார்ப்பதற்கு முன்பே பயணச்சீட்டுக் கருமபீடத்தில் உங்களை நிறுத்திவிடுவார்கள்.

இதுவரை சொன்னது எல்லா இலங்கையருக்கும் பொதுவானது. எங்கள் ஊருக்கு மட்டுமான சிக்கல் இதற்கு முன்னாலேயே தொடங்குகிறது.

முதல் கண்ணி அறுந்த சங்கிலி

கடவுச்சீட்டு எடுக்க என்ன வேண்டும்? தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு, நேரில் போய்க் கொடுக்கும் விரலடையாளம். அடையாள அட்டை எடுக்க என்ன வேண்டும்? பிறப்புச் சான்றிதழும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும். ஆக எல்லாவற்றுக்கும் வேர் பிறப்புச் சான்றிதழ்தான்.

1990 ஒக்டோபரின் கடைசிப் பகுதியில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்களும் வவுனியா வழியாகப் புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் வேறு இடங்களுக்கும் சிதறினார்கள். அவகாசம் சொற்பம். உடுத்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தேடவில்லை. எடுத்து வந்தவர்களிடமிருந்தும் வழியில் பறிக்கப்பட்ட கதைகள் எங்கள் ஊரில் உண்டு. இருபது வருடம் கழித்து மீளக் குடியேற வந்தபோது வீடுகளே காடாகிக் கிடந்தன. பெட்டியை எங்கே தேடுவது?

அலுவலகங்களில் இருந்த பதிவுகளும் தப்பவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு இறுதி யுத்தம். இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தாள்களை இழந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் உள்ள எங்கள் தமிழ் அயலவர்கள் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், உயிரை மட்டும் கொண்டு மெனிக்பாம் முகாமுக்கு வந்தார்கள். பிரதேச செயலக வாசலில் அவர்களும் நாங்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

ஆனால் எங்களுக்கு இன்னொரு முடிச்சு கூடுதலாக உண்டு. அது இரட்டை வதிவு. குடும்பத்தில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் புத்தளத்தில். பிள்ளைகளின் படிப்பு அங்கே, வயல் இங்கே. உம்மாவின் அட்டையில் ஒரு முகவரி, அவர் படுத்துறங்கும் வீடு வேறு. "நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், அங்கே போய்க் கேளுங்கள்" என்று இங்கே சொல்வார்கள். "உங்களைத்தான் மீள்குடியேற்றிவிட்டார்களே, அங்கே போங்கள்" என்று அங்கே சொல்வார்கள். இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் வருடங்களைத் தொலைத்தவர்கள் எங்கள் ஊரில் அநேகர்.

"இதில எது நீங்க அம்மா?"

உம்மாவின் கதைக்கு வருகிறேன்.

கப்பல் ஓடத் தொடங்கியதும் உம்மா ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்: "மகன், மௌத்தாகிறதுக்கு முந்தி ஒருக்கா அந்தப் பக்கம் போய்ப் பாத்திட்டு வரலாமா?" உம்மா எதையும் கேட்பவர் அல்ல. முகாமில் பதினெட்டு வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும் ஒன்றும் கேட்கவில்லை. சரி உம்மா, போவோம் என்று சொல்லிவிட்டேன்.

தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். எழுபதுகளில் எடுத்த அடையாள அட்டையில் ஒரு பெயர். மிகவும் அலைந்து எடுத்த பிறப்புப் பதிவின் பிரதியில் பெயரின் பின்பாதி வேறு, பிறந்த ஆண்டும் ஒன்று குறைவு. விவாகப் பதிவில் மூன்றாவதாக ஒரு பெயர், அதுதான் வீட்டில் கூப்பிடும் பெயர். வாப்பாவின் பெயரும் மூன்றில் மூன்று விதம்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. கருமபீடத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். தாள்களை வரிசையாக வைத்துவிட்டு, "இதில எது நீங்க அம்மா?" என்று கேட்டார்.

உம்மா கொஞ்ச நேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூண்டும் நான்தான் மகள்" என்றார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றும் ஒரே ஆள் என்று நம்ப அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. பிறப்புப் பதிவைத் திருத்த ஓர் இடம், அட்டையைத் திருத்த இன்னோர் இடம், இரண்டும் சரியான பிறகு கடவுச்சீட்டுக்கு மூன்றாவது இடம். ஒவ்வோர் இடத்திலும் மற்ற இடத்தின் தாளைக் கேட்பார்கள். பிறப்புப் பதிவைத் திருத்த அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையைத் திருத்தப் பிறப்புப் பதிவைக் காட்ட வேண்டும். மாதங்கள் ஓடிவிட்டன. உம்மாவின் கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை.

முகம்மதுவுக்கு எத்தனை எழுத்து?

நம் சமூகத்துக்கு உரிய இன்னொரு தலைவலி பெயரின் எழுத்து. ஒரே மனிதர் தமிழ்ப் பதிவில் முகம்மது, மௌலவி எழுதிய நிக்காஹ் பதிவில் முஹம்மத், சிங்களத்தில் வேலை நடக்கும் அலுவலகத்தில் மொஹமட். கடவுச்சீட்டில் ஆங்கிலத்துக்குப் போகும்போது நான்காவதாக ஒன்று. பீவி, பீபி, உம்மா, நாச்சியா என்று பெண்களின் பெயர் முடிவுகளைக் கேட்கவே வேண்டாம். பதிவாளருக்கு யார் தகவல் கொடுத்தாரோ அவர் வாயில் வந்தது பதிவாகிவிடுகிறது.

இது முன்பு பெரிய விடயமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் படத்தையும் முகத்தையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இன்று கணினி எழுத்தைப் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஆள். மத்திய கிழக்குக்குப் போகும் நம் பிள்ளைகள் இதனால் படும் பாடு தெரியும். ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களும் கடைசி நேரத்தில் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாகூர் கப்பல் ஓர் உதாரணம் மட்டுமே. கடவுச்சீட்டு இல்லாத மூத்தவருக்கு மக்காவின் வழியும் மூடித்தான் கிடக்கிறது.

இனி டிஜிட்டல் அடையாள அட்டையும் வரவிருக்கிறது. இந்திய உதவியோடு அரசு அந்தத் திட்டத்தை முன்னெடுக்கிறது. பிழையான பெயர் பழைய பேரேட்டில் தூங்கிக் கிடந்த காலம் முடிந்து, ஒரு பொத்தானில் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேரும் காலம் வருகிறது. திருத்துவதானால் இப்போதே திருத்த வேண்டும்.

கடுமை தேவைதான், ஆனால் யாரோடு?

"பாஸ்போட் என்றால் கடுமையாகத்தான் இருக்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். போலிப் பெயரில் கடவுச்சீட்டு எடுத்துக் குற்றவாளிகள் தப்பிப்போன சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. கருமபீடத்தில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் தாளைக் கவனக்குறைவாகத் தொலைத்தவரும், ஆயுத முனையில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதால் தாளை இழந்தவரும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அரசு ஏற்கெனவே சட்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இடம்பெயர்ந்த வட மாகாண மக்கள் தங்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள 2013ஆம் ஆண்டு 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. யுத்தத்தில் இறந்தவர்களைப் பதிவு செய்ய 2010இல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு அதற்கென ஒரு சான்றிதழ் வழங்க வழி செய்தார்கள். வாக்குக்கும் மரணத்துக்கும் விசேட ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டுக்கு, உயிரோடு இருக்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு ஏன் செய்ய முடியாது?

கடலைத் தாண்டும் விடயத்தில் இந்த நாட்டின் சட்டம் யாரைப் பிடிக்கிறது என்பதற்கு 2025 மே மாதச் சம்பவம் ஒன்று நல்ல பாடம். யுத்த காலத்தில் தமிழகத்துக்கு அகதியாகப் போன முதியவர் ஒருவர், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் திரும்பி வந்தபோது பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முறையான ஆவணம் இல்லாமல் அன்று நாட்டை விட்டுப் போனார் என்பது குற்றம். கண்டனம் எழுந்த பிறகு பிணையில் வந்தார். குண்டுக்குப் பயந்து வள்ளத்தில் ஏறியவர் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா ஏறுவார்? குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதே ஆண்டில்தான் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. தாள் இல்லாத மனிதனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்துக்கு இங்கே வயது அதிகம். 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

அரசு செய்ய வேண்டியது

நல்ல மாற்றங்கள் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாகத் தெருவில் படுத்திருந்ததைப் பார்த்தோம். அந்த நிலை இன்று இல்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒன்றைத் திறந்துவைத்தார். வன்னி மக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அலுவலகம் கிட்ட வந்தாலும், அதன் வாசல் பிறப்புச் சான்றிதழ் சரியாக உள்ளவருக்கே திறக்கும்.

எனவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, பதிவாளர் நாயகம் திணைக்களம், ஆட்பதிவுத் திணைக்களம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் மூன்றும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் அமரும் நடமாடும் சேவை கரைதுறைப்பற்றில் நடக்க வேண்டும். தனித்தனியாக நடமாடும் சேவைகள் வருகின்றன. ஆனால் ஒருவர் மற்றவரின் தாளைக் கேட்கும் சுற்றை அறுக்க மூவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, இடம்பெயர்ந்தவர் ஒருவர் 'இந்த மூன்று பெயர்களும் நானே' என்று சத்தியக்கடதாசி கொடுத்து, கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் அதை உறுதிப்படுத்தினால், மூன்று திணைக்களங்களும் அதை ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். இங்குள்ள கிராம அலுவலரா, புத்தளத்து கிராம அலுவலரா என்ற சண்டைக்கும் அதிலேயே முடிவு கட்டலாம். இந்தச் சலுகை எங்கள் தமிழ் அயலவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்று, கட்டணம். சாதாரண சேவையில் ஒரு கடவுச்சீட்டு 10,000 ரூபா, அவசரம் என்றால் 20,000. கூலி வேலை செய்யும், வயது வந்த நாலு பேர் கொண்ட குடும்பம் பயணச்சீட்டைப் பற்றி நினைப்பதற்கு முன்னரே 40,000 ரூபா தேட வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தபட்சம் யுத்தத்தால் தாள் இழந்த மூத்தவர்களுக்குத் திருத்தக் கட்டணங்களையாவது நீக்கலாம்.

நாங்கள் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் அரசின் தலையில் போட்டுவிட்டு இருக்க முடியாது. முப்பத்தைந்து வருடமாக இந்தத் தாள்களை ஒழுங்கு செய்யாமல் விட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஜனாஸா எடுக்க ஜமாஅத் இருக்கிறது, சந்தாக் கொப்பி இருக்கிறது. ஆனால் மஹல்லாவில் எத்தனை பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற கணக்கு எங்கள் எந்தப் பள்ளியிலும் இல்லை. முதலில் அந்தக் கணக்கை எடுப்போம்.

பிறப்புப் பதிவு அழிந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். பிறப்பொன்று பதியப்படும்போது அதன் இரண்டாம் பிரதி பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பப்படுவது நடைமுறை. முல்லைத்தீவில் இல்லாதது அங்கே இருக்கக்கூடும். விண்ணப்பித்துத் தேடச் சொல்லுங்கள். தேடியும் இல்லை என்று எழுத்தில் வாங்கினால் அந்தக் கடிதமே அடுத்த படிக்கு உதவும். காலங்கடந்த பதிவுக்கு அது தேவைப்படும். பழைய பாடசாலை இடாப்பு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர், விவாகப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு எல்லாம் சான்றுதான். எதையும் எறிந்துவிடாதீர்கள்.

புதிதாகப் பிள்ளை பிறந்தால், பெயரை மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். எழுதிய பிறகு வாசித்துப் பாருங்கள். கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு என் உம்மாவே சாட்சி. எல்லாத் தாள்களையும் தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். இன்னொரு தடவை ஓட நேராமல் அல்லாஹ் பாதுகாக்கட்டும். ஆனால் வெள்ளமும் தீயும் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். 'முப்பதாயிரம் தாருங்கள், எல்லாம் சரிசெய்து தருகிறேன்' என்று வரும் தரகர்களிடம் போகாதீர்கள். அவர்கள் தரும் போலித் தாள் ஒன்று பிடிபட்டால் உண்மையாக இழந்தவனின் சொல்லும் எடுபடாமல் போகும்.

அந்தத் தம்பியிடம் மாமியின் தாள்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இந்த வெள்ளி முதல் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகள் உதவிக்கு வருகிறார்கள். நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆட்களும் வரலாம். முள்ளியவளையிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கும் அதே மேசைதான். ஒவ்வொருவரிடமும் இருப்பது என்ன, இல்லாதது என்ன, எது எதோடு பொருந்தவில்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, பிரதேச செயலாளரிடம் கொடுத்து நடமாடும் சேவைக்குக் கோரிக்கை வைக்கப் போகிறோம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உம்மாவுடையது. மூன்று விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.